23 நாட்களாகச் சிவப்பு விளக்கு எரியும் ஃபைபர் இணைப்பு குறித்த புகார்

மதிப்பிற்குரிய குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். திருக்கார்த்திகையன்று மாலை வாசலில் அகல் ஏற்றிவிட்டு உள்ளே வந்தபோது, எங்கள் வீட்டில் நீங்கள் மாட்டிய இணையப் பெட்டியில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்கத் தொடங்கியிருந்தது. கார்த்திகைக்கு 21 நாள் கழித்து நாங்கள் கொண்டாடும் பிள்ளையார் நோன்பும் வந்து போய்விட்டது. இன்றோடு 23 நாட்களாகியும் அது அப்படியேதான் மினுக்குகிறது. இதற்கிடையில் நான்கு புகார் எண்கள் பெற்றேன். நான்கும் "தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியோடு உங்கள் தரப்பிலேயே மூடப்பட்டுவிட்டன. இனித் தொலைபேசியில் பேசிப் பயனில்லை என்பதால் எழுத்தில் தருகிறேன்.

பள்ளத்தூரில் சீர்ப் பலகாரம் செய்து அனுப்புவது என் தொழில். மாவுருண்டை, சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல், அதிரசம் எனத் தை முகூர்த்தங்களுக்கான ஆர்டர்கள் கார்த்திகை, மார்கழியிலேயே சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்துவிடும். படம் அனுப்பி, எண்ணிக்கை பேசி, முன்பணம் வாங்குவது எல்லாமே இணையத்தில்தான். கைப்பேசி சிக்னல் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையோடு நின்றுவிடும், உள்முற்றமான வளவுக்குள் வராது. அதனால்தான் உங்கள் இணைப்பை வாங்கினேன்; மாதம் 699 ரூபாய் வீதம் 6 மாதத்துக்கு 4,194 ரூபாயும், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் முன்கூட்டியே செலுத்தினேன்.

ஒன்பதாம் நாள் உங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசிய இளைஞரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவற்றைப் பொறுத்துக்கொண்டாலும் அதைப் பொறுக்க முடியவில்லை. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு வந்தவர், வீடு எப்படிப்பட்டது என்று விசாரித்தார். பழைய செட்டிநாட்டு வீடு, சுவர் இரண்டடி கனம் என்று நானும் வெள்ளந்தியாகச் சொன்னேன். உடனே அவர் சிரித்துக்கொண்டே, "அதான் மேடம் பிரச்சினை, சுவரை இடிச்சிட்டுக் கூப்பிடுங்க, நெட் தானா வரும்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். எங்கள் ஐயா பர்மாவில் சம்பாதித்துக் கொண்டுவந்து, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக் கட்டிய சுவர் அது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. உரையாடல் பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படும் என்று தொடக்கத்தில் ஒரு குரல் சொன்னது. தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

உங்கள் பெட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவர் மறிக்கக்கூடியது பெட்டியிலிருந்து கைப்பேசிக்குப் போகும் வைஃபை அலையை. அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை எங்கள் இரண்டாம் கட்டைத் தாண்டாது என்பது முதல் நாளே எனக்குத் தெரியும், அதற்காக ஒருநாளும் நான் புகார் செய்ததில்லை. எல்ஓஎஸ் விளக்கு சிவப்பானால், வெளியிலிருந்து கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி பெட்டிக்கே வந்து சேரவில்லை என்று பொருள். அந்த இழை சன்னலோரத் துளை வழியாக உள்ளே வருகிறது, சுவரை ஊடுருவிக்கொண்டு வரவில்லை. ஒளியே வராத பெட்டிக்கு முன்னால் சுவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இதை எனக்கு விளக்கியவர் உங்கள் ஒப்பந்ததாரர் அனுப்பிய லைன்மேன் தம்பிதான். ஆறாம் நாள் மழையில் நனைந்துகொண்டு வந்தவர், இழையைக் கழற்றி, ஒளியை அளக்கும் ஒரு சிறிய கருவியில் செருகி என்னிடம் காட்டினார். மைனஸ் 31 என்று இருந்தது. "ஆச்சி, இந்தப் பெட்டிக்கு மைனஸ் 27 வரைக்குமாவது வேணும். மூணு குறைஞ்சாலே பாதி வெளிச்சம் போன மாதிரி. பின்தெரு ஜாயிண்ட்ல லாஸ் ஆகுது" என்றார். நானும் குடை பிடித்துக்கொண்டு கூடப் போய்ப் பார்த்தேன். மின்கம்பத்தில் கட்டித் தொங்கிய ஜாயிண்ட் பெட்டிக்கு மூடி இல்லை; நீல நிறப் பிளாஸ்டிக் பையைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள், பையின் அடியில் ஒரு கை நீர் தேங்கியிருந்தது. ஆடி மாதம் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய ஜேசிபி உங்கள் கேபிளை அறுத்தபோது அவசரமாக ஒட்டிய இடம் அதுதானாம். தோண்டுகிறவர்கள் கேபிள் உரிமையாளருக்கு முன்கூட்டித் தகவல் சொல்லவென்றே ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலி வெளியிட்டது. அதில் அவர்கள் சொன்னார்களா, சொல்லியும் நீங்கள் பார்க்கவில்லையா என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான வழக்கு. ஆனால் ஆடியில் அறுந்ததைக் கார்த்திகை வரை பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தது உங்கள் நிறுவனம்.

இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரம் வேறு ஊரில் இருக்கிறது, நாளை கொண்டுவந்து புதிதாக ஒட்டிவிடுகிறேன் என்று சொன்ன அந்தத் தம்பி, போகும்போது என் கைப்பேசிக்கு வந்த ஓடிபியைக் கேட்டார். குறித்த நேரத்துக்குள் புகாரை மூடாவிட்டால் ஒப்பந்ததாரரின் தொகையில் பிடித்துவிடுவார்களாம், அவர் இவருடைய சம்பளத்தில் பிடிப்பாராம். நனைந்த பிள்ளையைப் பார்த்து மனம் இளகிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவர் வரவில்லை. நிலுவை வராததால் ஒப்பந்ததாரர் வேலையை விட்டுவிட்டார், புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை என்று பிறகு தெரிந்தது. உங்கள் கணக்கிலோ என் புகார் ஆறாம் நாளே "வெற்றிகரமாக" முடிந்திருக்கிறது.

பன்னிரண்டாம் நாள், பெட்டியை மதுரை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால் மாற்றித் தருவோம் என்றார்கள். பழுது பெட்டியில் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. பெட்டியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, காரைக்குடி போய் அங்கிருந்து பேருந்து மாறி, மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்து நண்பகலில் போய்ச் சேர்ந்தேன். வாசலில் இருந்த பெண், இது விற்பனை அலுவலகம், பழுதெல்லாம் இங்கே பார்ப்பதில்லை என்றார். புதிய இணைப்பு வேண்டுமானால் சலுகை உண்டு என்று ஒரு துண்டறிக்கையையும் நீட்டினார். அன்று பாகு காய்ச்ச வைத்திருந்த 8 கிலோ வெல்லம் அப்படியே கிடந்தது, வேலைக்கு வந்த நான்கு பெண்களுக்குக் கூலியும் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் ஊர்த் தெருக்களில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளுக்கு இடையே நூறு நூறு மீட்டராகக் கேபிள் இழுத்தாலும் தெருவுக்கு நான்கைந்து இணைப்புகள் தேறினால் பெரிது. நகரத்து அடுக்குமாடியில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஒரே ஸ்ப்ளிட்டரில் 32 வீடுகளை மாட்டி எடுக்கும் வருமானம் இங்கே வராது. அந்தக் கணக்கை இணைப்புக் கொடுப்பதற்கு முன் போட்டிருக்க வேண்டும், 6 மாதப் பணத்தை வாங்கிய பிறகு அல்ல.

எனக்கு ஏற்பட்ட இழப்பு 5 லட்சத்துக்குக் குறையாது. மூன்று கல்யாணச் சீர் ஆர்டர்கள், பதில் வராததால் கைமாறிவிட்டன. அவற்றின் வழியாக அடுத்த ஆண்டு வந்திருக்கக்கூடியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், இருபது ஆண்டுப் பெயருக்கு விலை போட்டால் இன்னும் கூடும். பணத்தை விடுங்கள். பிள்ளையார் நோன்பன்று சிங்கப்பூரில் இருக்கும் பேரன் காணொளியில் எங்களோடு சேர்ந்து இழை எடுத்துக்கொள்வது வழக்கம். 21 நூல் இழைகளைத் திரித்து, மாவில் வைத்துச் சுடர் ஏற்றிக் காத்திருந்தோம். உங்களுடைய ஓர் இழை சரியாக இல்லாததால் அந்தப் பிள்ளையின் முகத்தை இந்த ஆண்டு பார்க்கவில்லை.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். ஏழு நாட்களுக்குள் பின்தெரு ஜாயிண்டை முறையாக ஒட்டி, மூடியுள்ள பெட்டியில் வைத்து, இணைப்பைச் சீராக்கித் தாருங்கள். பழுது 15 வேலை நாட்களைத் தாண்டினால் ஒரு மாத வாடகையைக் கழிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2006லேயே பிராட்பேண்டுக்கு வகுத்த விதி. நான் கேட்காமலே நீங்கள் கழித்திருக்க வேண்டும். அந்த இளைஞர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இதற்கும் பதில் இல்லையென்றால், ட்ராய் 2012 விதிகளின்படி உங்கள் மேல்முறையீட்டு அதிகாரிக்கு விண்ணப்பிப்பேன். 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்வேன். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டதால், சிவகங்கைக்குப் போகவும் தயங்க மாட்டேன். மதுரைக்கே வீணாகப் போய் வந்தவளுக்குச் சிவகங்கை தூரமில்லை.

ஊழியரை அனுப்புவதாயின் காலை 10 மணிக்கு மேல் அனுப்புங்கள். அதற்குமுன் அடுப்படியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். முன்வாசல் பூட்டியிருக்கும், பின்தெரு வாசல் வழியாக வரச் சொல்லுங்கள், ஜாயிண்டும் அங்கேதான் இருக்கிறது. விளக்கு பச்சையாகி நான் ஒரு படம் அனுப்பிப் பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பள்ளத்தூர்