சைக்கிள் பயணச் செய்திகளில் விடுபடும் மூன்று மாதங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெடுந்தூர சைக்கிள் பயணம் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளில் கிலோமீட்டர் கணக்கும் மன உறுதியும் தவறாமல் இடம்பெறுகின்றன. கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதங்களைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. அதைப் படித்து ஆசையோடு கிளம்புகிறவர்கள் பாதியில் திரும்புவதற்குப் பெரும்பாலும் முழங்கால் வலியோ, உட்காரும் இடத்தில் புண்ணோ, பின்சக்கரத்தில் ஒடிந்த போக்ஸ் கம்பியோதான் காரணம். மூன்றையும் வீட்டிலிருக்கும்போதே பெருமளவு தடுத்துவிடலாம்.

முதலில் சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பொதுவாக சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தாலோ இடுப்பு இருபுறமும் ஆடினாலோ உயரம் அதிகம். ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றக் கூடாது. இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த மாற்றம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கி, பாரம் உள்ளங்கையில் இறங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். கையுறை வாங்குவதற்கு முன் சீட்டை மட்டமாக்கிப் பாருங்கள். கடையில் அமுக்கிப் பார்த்து மெத்தென்ற சீட்டை வாங்குவதும் வேண்டாம். நாள் முழுக்க ஓட்டும்போது இடுப்பெலும்பு அதில் புதைந்து, இடையிலுள்ள மென்மையான பகுதி அழுந்தும்.

பயிற்சியில் அவசரம்தான் எதிரி. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் பழக மாதங்கள் ஆகும். அதனால் வாரத் தூரத்தைச் சுமார் 10 சதவீதம் மட்டும் கூட்டி, நான்காவது வாரம் குறைத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு 100 கி.மீ. திட்டமென்றால், ஒரே நாளில் 150 ஓட்டிப் பார்ப்பதைவிட அடுத்தடுத்த இரு நாள்களில் 80, 80 ஓட்டுவது பயன் தரும். அதுவும் பயணத்துக்கான முழுச் சுமையோடு. வெறும் சைக்கிளில் தெரியாத கோளாறு எல்லாம் இரண்டாம் நாள் காலை தெரிந்துவிடும். மேட்டில் கனமான கியரை அழுத்தி மிதிப்பது முழங்காலைக் கெடுக்கும். சமதரையில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று என்ற அளவில் மிதிக்கப் பழகுங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரான்சில் 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில் இன்று சுமார் 1,200 கி.மீ.க்கு அதிகபட்சம் 90 மணி நேரம் தருகிறார்கள். அதற்குத் தகுதிபெற ஓட்டும் பயணங்களில் ஒன்றான 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம். நின்று சாப்பிடும் நேரத்தையும் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ.கூட வராது.

பின்சக்கரத்துக்கு வருகிறேன். உடல் எடையில் பெரும்பங்கும் கேரியர் சுமையும் அதன்மேல்தான். கியர் பக்கத்துக் கம்பிகள் இறுக்கமாகவும் எதிர்ப்பக்கத்தவை தளர்வாகவும் இருக்கும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து இறுகி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் வளையும் இடத்தில் களைத்து ஒடிகிறது. ஆகவே ரிம்மில் பெண்டு எடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பக்கத்துக் கம்பிகளும் தமக்குள் ஒரே அளவு இறுக்கமாக இருக்கின்றனவா என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சுமையோடு 100 கி.மீ. ஓட்டி, மீண்டும் காட்டுங்கள். மாற்றுக் கம்பி எடுத்துச் செல்லும்போது இரு பக்கத்துக்கும் நீளம் வேறுபடலாம் என்பதை மறக்கக் கூடாது. கியர் பக்கக் கம்பியை மாற்ற, பல்சக்கரத் தொகுதியைக் கழற்றும் கருவியும் பெரும்பாலும் வேண்டும்.

செயினில் ஊசிக்கு ஊசி 24 கண்ணி அளந்தால் புதிதில் சரியாக 12 அங்குலம். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் அதில் வழுக்கும். கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவில் செயின் மாற்றுவது ஆபத்து. இரண்டு வாரம் முன்பே மாற்றி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சக் காற்றழுத்தம் ஒரு வரம்பு, பரிந்துரை அல்ல. ஆனால் காற்று மிகக் குறைந்தால் குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையே நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஒரே ஓட்டை என்றால் முள்ளையோ கம்பித்துண்டையோ தேடி, டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்த பிறகே புது டியூபைப் போட வேண்டும்.

சாப்பாட்டை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் தவறு. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வயிற்றில் தங்குவதற்கும் பயிற்சி வேண்டும். பசிக்கு முன்பே உண்ண வேண்டும். உப்பில்லாத வெறும் தண்ணீரை மணிக்கணக்கில் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் குடிப்பது உயிருக்கே ஆபத்து.

இனி இத்தகைய பயணச் செய்தியை வெளியிடும்போது, சுமை எத்தனை கிலோ, எத்தனை வாரப் பயிற்சி, வழியில் எது உடைந்தது என்ற மூன்று கேள்விகளையும் உங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்