கடற்கரைப் பயணமும் அலிகேட்டர் ஆற்றுப் பாலமும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளோடு வட கரோலினாவின் கடற்கரை ஊரான கிட்டி ஹாக் பக்கம் போகும்போது அவரவர் காரில்தான் வரப்போகிறீர்கள். ராலேயிலிருந்து 64-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால், கொலம்பியா என்ற சிற்றூரைத் தாண்டி அலிகேட்டர் ஆறு வரும். அதன்மேல் உள்ள லிண்ட்சே வாரன் பாலத்தைப் பிள்ளைகள் அவசியம் கவனித்துப் பார்க்க வேண்டும்.

கிட்டத்தட்ட 3 மைல் நீளம். 1960களின் தொடக்கத்தில் வந்தது. அட்லாண்டிக் கரையோரப் படகுப் பாதை இதன் அடியில்தான் போகிறது. பாலம் தாழ்வாக இருப்பதால் உயரமான பாய்மரப் படகு வந்தால் சாலையை மறித்துவிட்டு, நடுப்பகுதியை ஒரு தூணின்மேல் அப்படியே பக்கவாட்டில் திருப்புவார்கள். ஒரு சாலைத் துண்டே கதவு மாதிரி திரும்பி வழிவிடும். படகு போனதும் பழையபடி வந்து பொருந்தும். இயந்திரவியலைப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையிலும் காட்ட முடியாது.

ஆனால் இதை மாற்றத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இயந்திரம் பழசு, பழுதாகிச் சாலை அடைபட்ட நாட்களும் உண்டு. அப்போது சுற்றிப் போக கிட்டத்தட்ட 100 மைல். புயல் வரும்போது அவுட்டர் பேங்க்ஸ் என்ற கரையோரத் தீவுகளின் மக்கள் உள்நாட்டுக்கு வெளியேறும் முக்கிய வழிகளில் இதுவும் ஒன்று. அந்த நேரத்தில் பாலம் திறந்தபடி சிக்கிக்கொண்டால் அத்தனை குடும்பங்கள் என்ன செய்யும்?

இதை மாற்றக் கூட்டாட்சி அரசு 2023-இல் 11 கோடி டாலர் ஒதுக்கியது. திரும்பவே தேவையில்லாத உயரமான புதிய பாலம் பக்கத்திலேயே எழுகிறது. நீர்மட்டத்திலிருந்து 65 அடி இடைவெளி இருக்கும். பெரும்பாலான பாய்மரங்கள் அடியிலேயே போய்விடும். அது பயன்பாட்டுக்கு வந்தபின் பழையதை இடித்துவிடுவார்கள். அதனால்தான் இந்த வருடமே போவோம் என்கிறேன்.

சரி, சில வேண்டுகோள்கள். பாலம் திறந்தால் காத்திருக்க வேண்டிவரும். தண்ணீர், தின்பண்டம் கையில் இருக்கட்டும். கழிப்பறைக்குக் கொலம்பியாவிலேயே நிறுத்திவிடுங்கள். வண்டிகள் நின்றாலும் பிள்ளைகளைப் பாலத்தின்மேல் இறக்கிவிடவே கூடாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும். அப்புறம், பெரிய வகுப்புப் பிள்ளைகள் பார்த்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வரட்டும். சின்னவர்கள் படம் வரையலாம்.

எத்தனை பேர் வருகிறீர்கள், காரில் கூடுதல் இடம் உண்டா என்பதை அடுத்த வகுப்புக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்