பள்ளிக்கூடத்துக் கூத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

மாசி மாதம் நம் ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் அபிமன்யு சண்டை என்ற பாரதக் கூத்து ஆடினார்கள். அன்று நன்றி சொல்ல என் கைக்கு மைக் வந்த நேரத்தில் பாதிப் பேர் சாப்பிட எழுந்துவிட்டீர்கள். சரி, அந்த நேரத்தில் யாருக்குத்தான் பசிக்காது! சொல்ல விட்டுப்போனதைப் பள்ளி மேலாண்மைக் குழு சார்பில் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஓவிய ஆசிரியருக்கு. 2012இல் மாநிலம் முழுக்க 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்களே, அப்போது வந்தவர். வாரத்துக்கு மூன்று அரை நாள்தான் அவருக்கு வேலை. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால் கலைக்கென்று ஒரு பகுதிநேர ஆசிரியர் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் என்றால் இந்த ஒருவர்தான். ஒத்திகை தொடங்கியதும் அரை நாள் கணக்கை அவர் மறந்தே போனார். கூத்துக் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவது வழக்கம். பெரியவர்கள் கட்டினாலே கழுத்து இறங்கிவிடும். இவர் காலண்டர் அட்டையும் தெர்மாகோலும் சேர்த்துப் பிள்ளைகள் தலைக்கு ஏற்ற அளவில் செய்யச் சொல்லிக்கொடுத்தார். கணக்கு நோட்டைத் திறக்கவே அழும் ஒரு ஏழாம் வகுப்புப் பையன், கூத்து வாத்தியாரின் கிரீடத்தை நூல் பிடித்து அளந்து, முக்கால் பங்காகக் குறைத்துத் தானே வரைந்தான். அவன் அம்மாவை விடக் கணக்கு டீச்சர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

அடுத்து நம் கூத்து வாத்தியாருக்கு. பெயர்பெற்ற கூத்துக் கலைஞர் புரிசைக் கண்ணப்ப தம்பிரான் வாழ்ந்த செய்யாற்றுப் பக்கத்தில் கூத்து தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லித்தர எத்தனை பேருக்கு மனசு வரும்? ராத்திரி தொடங்கி விடியும்வரை ஆடுகிற கூத்தை ஆண்டு விழா நேரத்துக்குள் அடக்கச் சொன்னபோது முதலில் முகம் சுளித்தார். அப்புறம் உட்கார்ந்து, எந்தப் பாட்டை விடலாம், எதை விடவே கூடாது என்று பிள்ளைகளையே கேட்டார். அபிமன்யு அம்மாவிடம் விடைபெறும் இடத்தை விடக்கூடாது என்று அவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். அது நின்றது. இரண்டு துரோணர் பாட்டுகள் போயின.

2022 கடைசியில் அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாப் போட்டிகள் தொடங்கியதிலிருந்து எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் வட்டாரப் போட்டிக்குப் போய்வருகிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் போட்டி என்றால் நன்றாக ஆடுகிற நாலு பேர்தான் போவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். கூத்தில் அப்படி இல்லை. பின்பாட்டுக்கு ஆள் வேண்டும், தாளத்துக்கு வேண்டும், திரை பிடிக்க இருவர் வேண்டும், அரிதாரம் பூச, சலங்கை கட்டிவிட, வியர்வை துடைக்க என்று வேலை வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் கூத்து வேண்டும் என்று கேட்டேன். வாய் திறந்து பேசாத ஒரு பெண் குழந்தை பின்பாட்டில் சேர்ந்தது. அது பேச்சில் இப்போதும் அப்படித்தான். ஆனால் பாடுகிற குரல் கடைசி வரிசைவரை கேட்டது.

ராஜா வருவதை அறிவித்துச் சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரனாக வந்த எட்டாம் வகுப்பு மாணவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். “ராஜா வர்றாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க. பள்ளிக்கூடத்துக் குழாய்கிட்ட மட்டும் நிக்காதீங்க, தண்ணி வராது” என்று வாத்தியார் சொல்லித்தராத வசனத்தை விட்டாள். தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. அடுத்த வாரமே குழாயைச் சரிசெய்துகொடுத்த ஊராட்சித் தலைவருக்கும் நன்றி.

பெண் பிள்ளை கூத்து ஆடுவதா என்று கேட்ட அப்பா ஒருவர் இருந்தார். அவருக்கு இன்றுவரை முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் ஒத்திகை முடியும் நேரத்துக்குச் சைக்கிளில் வந்து வாசலில் காத்திருந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார், ஒரு நாளும் தடுக்கவில்லை. அண்ணே, அதற்கு உங்களுக்குத் தனி நன்றி.

தன் வேலை நேரம் முடிந்தும் இருந்து சாயங்காலம் சுண்டல் அவித்துக்கொடுத்த சத்துணவுச் சமையலர் அக்கா, கூலி வாங்காமல் உடை தைத்த தையற்கடைக்காரர், முகத்துச் சாயத்தைத் துடைக்கத் தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டியும் கொடுத்தனுப்பிய பாட்டிமார்கள், எல்லாருக்கும் நன்றி.

வாத்தியாருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பங்குனி தொடங்கினால் ஆடி வரை உங்களுக்குப் பாரதக் கூத்து ஓயாது என்று தெரியும். அது முடிந்ததும் வாருங்கள். வரும்போது கூத்துக்கு ஊதும் முகவீணைக் குழல் வாசிப்பவர் யாரையாவது அழைத்து வர முடியுமா? ஆறாம் வகுப்பில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்