அம்மிணிக்கு, கார் விஷயமாக

அன்புள்ள அம்மிணி,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலாம். கொழிஞ்சாம்பாறையில் நல்ல மழை. தோப்புக்குத் தண்ணீர் விடுகிற வேலை மிச்சம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.

போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். உன் தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான். பொறுமையாகப் படி.

"பென்ஸா, பி.எம்.டபிள்யூ.வா, ஆடியா? நீங்கள் மெக்கானிக், நீங்களே சொல்லுங்கப்பா" என்று கேட்டாய். மெக்கானிக் கண்ணால் பார்த்தால், நீ சொன்ன 50, 55 லட்சத்துக்குள் மூன்று கம்பெனியும் தருவது ஏறக்குறைய ஒரே சரக்குதான். மூன்றோ நாலோ சிலிண்டர், ஒரு டர்போ, இரண்டு லிட்டரோ அதற்குக் கீழோ. பானெட்டைத் திறந்து மேல்மூடியைக் கழற்றிவிட்டால், எது எந்தக் கம்பெனி என்று சொல்ல நானே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். ஆகவே நீ கொடுக்கப்போகிற காசு எங்கெங்கே போகிறது என்று முதலில் தெரிந்துகொள். எந்த வண்டி என்பதை அப்புறம் பார்க்கலாம்.

எனக்குப் பென்ஸ் எஞ்சின் ஒன்றும் புதிது இல்லை. உன் தாத்தா கிளீனராகப் போன லாரியே டாடாவும் பென்ஸும் கூட்டுச் சேர்ந்து செய்த லாரி. 1954 முதல் 1969 வரை அந்தக் கூட்டு இருந்தது. அப்புறம் என் காலத்தில் ட்ராக்ஸ் என்கிற ஜீப் மாதிரி வண்டி வந்தது. நெல்லியாம்பதி ஏறி இறங்கிய ட்ராக்ஸ்கள் நம்ம ஒர்க்‌ஷாப் வாசலில் வரிசையாக நிற்கும், உனக்கும் ஞாபகம் இருக்கும். அதில் இருந்த ஓஎம் 616 டீசல் எஞ்சின் பென்ஸ்காரன் வடிவமைத்தது. பஜாஜ் டெம்போ கம்பெனி உரிமம் வாங்கி இங்கே செய்தது. முரட்டு எஞ்சின். எண்ணெய் மாற்றி, ஃபில்டர் மாற்றிக்கொண்டே இருந்தால் சாகவே சாகாது. ஆனால் அந்த வண்டியில் பன்னிரண்டு பேராக நெருக்கியடித்து மலையேறியவர்கள் யாரும், பென்ஸில் போய்வந்தேன் என்று வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். முகப்பில் பென்ஸின் நட்சத்திரச் சின்னம் இல்லையே.

அந்த பஜாஜ் டெம்போதான் 2005இல் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது. இப்போது அது என்ன செய்கிறது தெரியுமா? இந்தியாவில் விற்கிற பென்ஸ் கார்களுக்குப் புனே பக்கத்தில் எஞ்சின் பூட்டித் தருகிறது, 1997 முதல். 2015 முதல் சென்னைப் பக்கம் பி.எம்.டபிள்யூ.வுக்கும் பூட்டித் தருகிறது. ஜெர்மனியில் ஜென்மப் பகை. இங்கே இரண்டு பேருக்கும் எஞ்சின் பூட்டுவது ஒரே வீட்டுக்காரர், அதுவும் கல்யாண வீட்டுக்கு நாம் வாடகைக்குப் பிடிக்கிற டிராவலர் வேன் செய்கிறவர்.

இதற்குக் காரணம் சுங்க வரி. முழுக் காராகக் கப்பலில் வந்து இறங்கினால், விலை உயர்ந்த வண்டிகளுக்குக் காரின் விலைக்கு மேல் இன்னொரு விலை வரியாகப் போய்க்கொண்டிருந்தது. உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் வரி நன்றாகக் குறையும். அதிலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் பூட்டிய நிலையில் வந்தால் ஒரு கணக்கு, பிரித்த நிலையில் வந்தால் அதைவிடக் குறைந்த கணக்கு. அதனால்தான் பி.எம்.டபிள்யூ. 2007இல் செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா சிட்டியில் தொழிற்சாலை போட்டது. பென்ஸ் புனேயில், ஆடி அவுரங்காபாத்தில். "இது இம்போர்ட்டட் சார்" என்று எவனாவது உன்னிடம் பெருமை பேசினால், "அப்போ வரிக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேட்டுப்பார்.

இப்போது உன் கணக்குக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த மாதிரி கார்களுக்கு ஜி.எஸ்.டி. நேராக 40 சதவீதம். முன்பு செஸ் என்கிற கூடுதல் வரியோடு சேர்த்து 45, 48, பெரிய எஸ்.யு.வி. என்றால் 50 வரை இருந்தது. ஷோரூமில் 50 லட்சம் என்று எழுதியிருக்கிற வண்டியில் ஏறக்குறைய 14 லட்சம் ஜி.எஸ்.டி. அதன்மேல் உங்கள் கர்நாடகத்தில் சாலை வரி 18 சதவீதம், அந்த வரிக்கு ஒரு செஸ். கூட்டிப் பார்த்தால் இன்னும் 10 லட்சம். ஆக நீ சாவியை வாங்குவதற்குள் 24 லட்சம் அரசாங்கத்துக்குப் போய்விடுகிறது. இன்சூரன்ஸ் தனி. கம்பெனிகள் மூன்றும் முட்டி மோதிக்கொள்வது மீதியுள்ள பங்கில்தான்.

சாலை வரி என்றதும் நம்ம கேரளத்துக் கூத்து ஞாபகம் வருகிறது. இங்கே விலை உயர்ந்த காருக்கு வரி ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. புதுச்சேரியிலோ அப்போது சொற்பம். அதனால் இங்கே கோடிக் கணக்கில் கார் வாங்கிய பலர் புதுச்சேரியில் ஏதோ ஒரு வாடகை வீட்டு விலாசம் காட்டி, பி.ஒய். நம்பர் மாட்டிக்கொண்டு கொச்சியில் ஓட்டினார்கள். 2017இல் அது வெளியே வந்து, சினிமாக்காரர்கள் பெயரெல்லாம் அடிபட்டு, போலீஸ் கேஸ் வரை போயிற்று. இரண்டு கோடிக்குக் கார் வாங்குகிறவனுக்கு வரி கொடுக்க மனசு வரவில்லை பார். கே.எல். 70 நம்பர் மாட்டிய பழைய மாருதியில் சித்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், வரிசையில் நின்று வரி கட்டிய நம்ம ஊர்க்காரர்கள் அதைக் கேட்டு நன்றாகச் சிரித்தார்கள். நீ பெங்களூரிலேயே பதிந்துகொள். நீ குடியிருப்பது அங்கே. லீவுக்கு இங்கே வந்து போவதில் ஒரு சிக்கலும் இல்லை.

எஞ்சின் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பின்னால் ஒட்டியிருக்கிற நம்பரை நம்பாதே. பி.எம்.டபிள்யூ. 330 என்றால் ஒரு காலத்தில் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். இப்போது அதே 330க்கு இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர். பென்ஸ் சி 200 என்றால் இரண்டு லிட்டர் என்று நினைப்பாய். 2022இல் வந்ததில் இருப்பது ஒன்றரை லிட்டர்தான். டர்போவும், 48 வோல்ட் மின்மோட்டார் உதவியும் சேர்ந்து 200 குதிரைசக்திக்கு மேல் தருகிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆடியில் 40 என்று போட்டிருப்பது சக்தியை வைத்துக் கொடுத்த எண். அதற்கும் லிட்டருக்கும் சம்பந்தமே இல்லை. ஆடி ஏ4இல் இருக்கிற இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் குடும்பமே ஸ்கோடா சூப்பர்பிலும் இருக்கிறது. எல்லாம் ஃபோக்ஸ்வேகன் வீட்டுப் பிள்ளைகள்.

இதைவிட ஒரு கதை இருக்கிறது. 2020இல் ரெனோ டஸ்டரில் 1.3 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் போட்டார்கள். ரெனோவும் பென்ஸும் சேர்ந்து உருவாக்கிய எஞ்சின் அது. டஸ்டர் ஒரகடத்தில் செய்தது, அந்த எஞ்சினோடு பத்தரை லட்சத்தில் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் பென்ஸ் ஏ-கிளாஸ் வந்தது. அதே எஞ்சின், சுமார் 40 லட்சம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 30 லட்சமும் நட்சத்திரத்துக்கு என்று சொன்னால் அது நியாயம் இல்லை. சீட், சஸ்பென்ஷன், உள்ளே சத்தம் வராமல் அடைக்கிற வேலை, கியர்பாக்ஸ், எல்லாவற்றிலும் வித்தியாசம் உண்டு, வரியும் கூட. ஆனாலும் கணிசமான பங்கு நட்சத்திரத்துக்குத்தான்.

பெயருக்குக் காசு கொடுப்பது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி ஒருவர், பென்ஸ் வாங்கிய பிறகு பாங்கில் தன்னை உட்காரச் சொல்லும் விதமே மாறிவிட்டது என்று என்னிடமே சொன்னார். அவருக்கு அது முதலீடு. பெயருக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டுமானால் 1998இல் நடந்ததைப் பார். ரோல்ஸ் ராய்ஸ் கார் தொழிற்சாலையை ஃபோக்ஸ்வேகன் 43 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. கட்டடம், மிஷின், ஆட்கள், முகப்பில் பறக்கிற பொம்மை வரை எல்லாம் வந்தது. ஆனால் ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயர் விமான எஞ்சின் செய்கிற வேறொரு கம்பெனியிடம் இருந்தது. பி.எம்.டபிள்யூ. போய் அந்தப் பெயரை மட்டும் 4 கோடி பவுண்டுக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டது. கடைசியில் ஃபோக்ஸ்வேகன் கையில், அதே தொழிற்சாலையில் செய்த பென்ட்லி கார் மட்டும் மிஞ்சியது. 2003 முதல் ரோல்ஸ் ராய்ஸ் செய்வது பி.எம்.டபிள்யூ., அதுவும் புதிதாகக் கட்டிய வேறொரு தொழிற்சாலையில். நான் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப் பையன்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

பென்ஸ் என்றால் பின்சீட் முதலாளி, பி.எம்.டபிள்யூ. என்றால் ஸ்டீயரிங் பிடிக்கிறவன் வண்டி என்று உலகம் முழுக்க ஒரு பேச்சு. நம்ம நாட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. இங்கே டிரைவர் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருகிறவர்கள் அதிகம் என்று கண்டுகொண்டு, பென்ஸ் 2017இல் இ-கிளாஸை நீட்டி விற்றது, சக்கைபோடு போட்டது. ஓட்டுகிறவன் வண்டி என்று பெருமையடித்த பி.எம்.டபிள்யூ.வும் 2021இல் 3 சீரிஸை நீட்டியது, 2024இல் 5 சீரிஸையும் நீட்டியது. வியாபாரம் என்று வந்தால் கொள்கை எல்லாம் காலை நீட்டுகிற இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே விற்பனையில் முதல் இடமும் கைமாறிக்கொண்டேதான் இருந்தது: 2009இல் பி.எம்.டபிள்யூ., 2013இல் ஆடி, 2015இல் மறுபடி பென்ஸ். அந்தச் சண்டை உச்சத்தில் இருந்தபோது தள்ளுபடி கொட்டியது. 2021 கடைசியில் பென்ஸ் ஒரு முடிவு எடுத்தது. வண்டியைக் கம்பெனியே நேராக விற்கும், டீலருக்குக் கமிஷன், நாடு முழுக்க ஒரே விலை. அதனால் அங்கே போய் நம்ம ஊர்ச் சந்தை மாதிரி பேரம் பேசலாம் என்று நினைக்காதே. மற்ற இடங்களில் வருஷக் கடைசியில் பேசலாம், தாராளமாகப் பேசு.

இ.எம்.ஐ. குறைவு என்று ஒரு திட்டம் காட்டுவார்கள். மாசா மாசம் கொஞ்சம், கடைசியில் ஒரு பெரிய தொகை, அல்லது வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்பார்கள். எத்தனை கிலோமீட்டருக்குள் ஓட்ட வேண்டும், கீறல் இருந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதை மாப்பிள்ளையைப் படிக்கச் சொல். அவர் சீட்டுக் கம்பெனி ரசீதைக்கூட இரண்டு தடவை படிக்கிறவர்.

சரி, நான் என்ன சொல்கிறேன்?

எஞ்சினுக்காக வாங்குவதென்றால், இந்தக் கூட்டத்தில் தனியாக நிற்பது பி.எம்.டபிள்யூ.வின் மூன்று லிட்டர், வரிசையாக நிற்கிற ஆறு சிலிண்டர்தான். அந்த எஞ்சின் போட்ட காரை எம்340ஐ (M340i) என்ற பெயரில் 2021 முதல் சென்னையிலேயே செய்கிறார்கள். ஆறும் ஒரே வரிசையில் இருந்தால் ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்று சமன் செய்துவிடும், ஆட்டத்தை அடக்கத் தனியாக பேலன்ஸ் ஷாஃப்ட் என்கிற தண்டு வேண்டாம். டீக்கிளாஸை மேலே வைத்தால் அலுங்காது. ஆனால் விலை 70 லட்சத்துக்கு மேல், உன் கணக்கைத் தாண்டுகிறது. அதற்காகக் கடனை நீட்டாதே.

50க்குள் என்றால் நான் உன்னைப் பெட்ரோல் பக்கமே போகச் சொல்ல மாட்டேன். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பி.எம்.டபிள்யூ. 2025 ஜனவரியில் ஐஎக்ஸ்1 என்ற மின்காரைச் சென்னையில் பூட்டி, நீட்டிய உடம்போடு 49 லட்சத்துக்கு விட்டது. அதே வண்டியின் பெட்ரோல் வடிவமான எக்ஸ்1 விலையும் அந்தச் சுற்றில்தான். வரியில் மிச்சமாகிற காசு வண்டிக்குள் இறங்குகிறது. நாற்பது வருஷம் கையில் டீசல் கறையோடு இருந்தவன் இதைச் சொல்கிறேன் என்று அம்மா கிண்டல் செய்கிறாள். உங்கள் அபார்ட்மெண்டில் உன் பார்க்கிங்குக்கு சார்ஜர் போட அசோசியேஷன் எழுத்தில் சம்மதம் தருகிறதா என்று முதலில் கேள். வாய்ப்பேச்சு போதாது. அது கிடைக்காவிட்டால் இந்த யோசனையை விட்டுவிடு.

ஆடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பாய். நல்ல வண்டி, உள்வேலைப்பாடு அழகு. ஆனால் விற்கும்போது கோயம்புத்தூர் செகண்ட்ஹேண்ட் கடைக்காரர்கள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

டெஸ்ட் டிரைவுக்கு மழை நாளில் போ. வழவழப்பான ரோட்டில் எல்லாமே நன்றாக இருக்கும்; பள்ளம் உள்ள ரோட்டில் ஓட்டு. பி.எம்.டபிள்யூ.வில் பல மாடல்களுக்கு, காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர், பக்கச் சுவர் கெட்டியாக இருக்கும், இடுப்புக்குத் தெரியும். ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து நீயே பார். ஒரு டயர் என்ன விலை, பேட்டரிக்கு எத்தனை வருஷ வாரண்டி, முன் கண்ணாடி போனால் எவ்வளவு, ஐந்து வருஷ சர்வீஸ் பேக்கேஜில் பிரேக் பேட் சேருமா சேராதா, இதையெல்லாம் தாளில் எழுதி வாங்கு. எழுதித் தர யோசிக்கிற ஷோரூமில் அட்வான்ஸ் கொடுக்காதே.

அந்தத் தாள்களைத் தம்பி போனுக்கு அனுப்பிவிடு. நான் பார்த்து, எங்கே பேசலாம் என்று கோடு போட்டு அனுப்புகிறேன். அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். பாலக்காட்டிலிருந்து பெங்களூர் வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல், கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா