பூண்டி மண்டபத்தில் காத்திருந்தவள் எழுதுவது

சிவகிரி
மார்கழி 18

அன்புள்ள கண்ணு,

நானும் அப்பாவும் சௌக்கியம். மஞ்சள் இலை மடங்கத் தொடங்கிவிட்டது, பொங்கல் கழிந்ததும் வெட்டுக்கு ஆள் சொல்ல வேண்டும். பெரிய மாடு போன வாரம் கன்று போட்டது, கிடேரி. இப்போதைக்குச் செங்கல் நிறத்தில் இருக்கிறது. நம் காங்கேயத்துக் கன்றுக்கு அந்தச் சிவப்பு ஆறு மாதம் வரைதான் நிற்கும், நீ வரும்போது சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினாயே, அதைத்தான் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிப்ரவரியில் மருமகளும் நீயும் ஐந்து நாள் ஆஸ்திரியாவில் இருக்கிற சீஃபெல்ட் போகிறோம் என்றாய். நல்லது. "நான் காலையில் ஸ்கீயிங் போய்விடுவேன், அவள் ரூமில் ரெஸ்ட் எடுப்பாள்" என்றாய். அதுவரை உன் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரம் கழுவும் சத்தம் அந்த இடத்தில் நின்றது. நீ கவனித்தாயோ என்னவோ, எனக்கு இங்கே நன்றாகக் கேட்டது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உனக்கு ஒன்றரை வயது இருக்கும்போது உங்கப்பா வெள்ளியங்கிரி மலை ஏறப் போனார். கூட்டாளிகள் ஐந்து பேர். நான் எங்கேயும் போனதில்லை என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் என் வயதுப் பெண்களை மலைமேல் விட மாட்டார்கள். சாயங்காலம் அடிவாரத்துப் பூண்டி கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு அவர்கள் ஏறிவிட்டார்கள். நான் உன்னையும் ஒரு பையையும் வைத்துக்கொண்டு மண்டபத்துத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடிந்ததும் எட்டு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். எட்டானது, பத்தானது. நீ பாலுக்கு அழுதாய். பணம் முழுவதும் அவர் இடுப்பில், ஏழாவது மலையில். என் கையில் இருந்தது பன்னிரண்டு ரூபாய். அதில் உனக்குப் பால் வாங்கினேன். எனக்கு ஒரு டீ வாங்கலாமா என்று கடை வாசல் வரைக்கும் போய், பஸ்ஸுக்கு வேண்டுமே என்று திரும்பி வந்தேன். இரண்டு மணிக்கு இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆண்டி சுனைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, "உனக்காகத்தான் கொண்டுவந்தேன், குடி" என்றார். மேலே காற்று எப்படி அடித்தது, சூரியன் எப்படி வந்தது என்று கோயமுத்தூர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். நான் என்ன செய்தேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்ன இருக்கிறது, தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கப்பா கெட்டவர் இல்லை. என்னையும் சேர்த்துக் கூட்டிப்போவதே பெரிய விஷயம் என்று நினைத்தார். நீயும் இப்போது அப்படித்தான் நினைக்கிறாய்.

உன் ஸ்கீயிங் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். மலையுச்சியிலிருந்து சர்ரென்று சறுக்கிவந்து கால் உடைத்துக்கொள்கிற வகை இல்லை என்று தெரிந்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காட்டுக்குள்ளே, பனி மூடிய சமதரையிலும் சின்ன மேட்டிலும் கிலோமீட்டர் கணக்கில் போகிறீர்கள். பூட்ஸின் நுனி மட்டும்தான் பலகையில் மாட்டியிருக்கிறது, குதிகால் நடக்கிற மாதிரி எழுந்து எழுந்து இறங்குகிறது. பலகையின் அடியில் ஒரு ரோமப் பட்டை இருக்கும், முன்னால் போகும்போது வழுக்கும், பின்னால் சறுக்கப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும் என்றாய். புரியாமல்தான் இருந்தது. நேற்று புதுக் கன்றின் முதுகைத் தடவும்போது புரிந்துவிட்டது. வால் பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகிறது, தலைப் பக்கமாகத் தடவினால் தடுக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். பனியில் வண்டித்தடம் போல இரண்டு பள்ளம் போட்டு வைத்திருக்கிறார்கள், அதில்தான் பலகை ஓடுகிறது. நடந்து வருகிறவர் அதில் கால் வைத்துவிட்டால் தடம் கெட்டுப்போகும் அல்லவா? பாய்ந்துகொண்டிருக்கிற வாய்க்கால் வரப்பை மிதித்து உடைக்கிற மாதிரி. அதனால் அவள் உன் பக்கத்திலேயே நடந்து வரட்டும் என்கிற யோசனை ஆகாது. நீ ஒரு மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு அவளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், நீயும் நின்று நின்று கெடுவாய்.

ஆனால் ஊரைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். மேல்வீட்டுப் பேரனை உட்காரவைத்துத் தேடச் சொன்னேன் (முப்பத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்துவிட்டேன், ஒன்று காதில் விழுந்தால் பார்க்காமல் தூக்கம் வராது). இன்ஸ்புரூக்கில் 1964லும் 1976லும் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது உன் வகை ஸ்கீயிங் போட்டிகளைச் சீஃபெல்டில்தான் வைத்தார்களாம். உயரம் 1,200 மீட்டர் அளவுதான், நம் குன்னூரைவிடத் தாழ்வு. உங்களுக்கு அங்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தடம் இருக்கிறது. நீ சொல்லாமல் விட்டது, நடப்பவர்களுக்கென்றே பனியை ஒதுக்கிச் சீராக்கிய பாதையும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. குதிரை பூட்டிய சறுக்குவண்டி இருக்கிறது. ரயில் நிலையம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. கார்மிஷ், மிட்டன்வால்ட் வழியாக நீங்கள் வந்து இறங்கும் அதே பாதையில் இன்னும் கொஞ்சம் போனால் இன்ஸ்புரூக். அங்கே தங்கக் கூரை என்று ஒன்று, 2,657 செப்புத் தகட்டுக்குப் பொன்முலாம் பூசி மாடத்தின் மேல் வேய்ந்திருக்கிறார்கள், ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் மாக்ஸிமிலியன் என்ற ராஜாவுக்காக. துணிக்கு டிசைன் போடுகிற பிள்ளை அதையும் அந்தப் பழைய தெருக்களையும் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டாமா? நீ தடத்தில் ஓடும் ஒரு நாள் அவள் தனியாகப் போய் வரட்டும். நீ கூட இருந்தால் அரை மணிக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்ப்பாய்.

அதற்குத்தான் சொல்கிறேன், ரூமை ஊருக்கு வெளியே தடத்துக்குப் பக்கத்தில் போடாதே. உனக்குக் கதவைத் திறந்தால் தடம் என்று வசதியாக இருக்கும், அவளுக்கு அது பூண்டி மண்டபம். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் போடு. நீதான் பலகையைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிஷம் நட. ரூம் சாவி ஒன்று, ரயில் டிக்கெட், செலவுக்குப் பணம், எல்லாம் அவள் கையில் தனியாக இருக்கட்டும். உன் பேக்கில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடாதே.

குளிர் விஷயம். அவள் தாராபுரத்து வெயிலில் வளர்ந்தவள். நீ ஓடி ஓடி வேர்த்துப்போய் மெல்லிசாகப் போட்டுக்கொண்டு வருவாய், அதைப் பார்த்துவிட்டு அவளுக்கும் அது போதும் என்று கணக்குப் போடாதே. மெதுவாக நடப்பவருக்கும் நிற்பவருக்கும்தான் கனமான கோட்டு வேண்டும். ஈரம் புகாத, அடிப்பக்கம் பிடிமானமுள்ள பூட்ஸ் அவளுக்கு நல்லதாக வாங்கு. உன் பலகைக்குச் செலவழிக்கும்போது யோசித்தாயா? நான் போன வருஷம் அனுப்பிய திருப்பூர் பனியன் ஒரு டஜனையும் அங்கே எடுத்துப் போகாதே. பருத்தி வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே ஒட்டிக்கிடக்கும், நின்றால் உடம்பு சில்லிட்டுவிடும். உள்ளே கம்பளிதான் போட வேண்டும். பனியன் வீட்டுக்கு.

ஒருவேளை அவளே "நானும் ஒரு தரம் முயற்சி பண்ணுகிறேன்" என்றால் பண்ணட்டும். ஆனால் நீ சொல்லித்தராதே! உங்கப்பா எனக்கு டி.வி.எஸ். 50 ஓட்டக் கற்றுக்கொடுத்த கதை உனக்குத் தெரியும். கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் "பிரேக்கு, பிரேக்கு" என்று அவர் கத்தியதில்தான் நான் தண்ணீரில் இறங்கினேன். அப்புறம் பக்கத்துத் தோட்டத்துப் பெண் மூன்றே நாளில் கற்றுக்கொடுத்தாள். அங்கே சொல்லித்தர ஆள் இருப்பார்கள், ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டு நீ கண்ணில் படாமல் போய்விடு. பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடு, "இன்னும் ஒரே ஒரு தரம்" என்று ஆரம்பிக்காதே.

உங்கப்பாவைப் பற்றிக் குறையாகவே எழுதிக்கொண்டு போகிறேன், நல்லதையும் சொல்லிவிடுகிறேன். நீ எட்டாவது படிக்கும்போது சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவருக்கு ஒரு ஜோடி காளை பார்க்க வேண்டும். பல்லைப் பிடித்துப் பார்ப்பதும், தரகனோடு துண்டுக்குள் கை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதுமாக நாள் முழுக்க ஓடும் என்று எனக்குத் தெரியும். பூண்டி ஞாபகம் எனக்கு இருந்தது, அவருக்கும் இருந்திருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முந்நூறு ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்து, "நீ உன் பாட்டுக்குச் சுத்து, ஒரு மணிக்கு மாரியம்மன் கோயில் வாசலுக்கு வந்துடு, சேர்ந்து சாப்பிடலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் கயிற்றுக்கடை, சலங்கைக்கடை எல்லாம் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் இருபது மணியையாவது ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்திருப்பேன். கடைக்காரர் சலித்துப்போய், "அக்கா, மாட்டுக்கா, உங்களுக்கா?" என்றார். கடைசியில் ஒரு வெண்கல மணி எடுத்தேன். ஒரு மணிக்குக் கோயில் வாசலில் புளிச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவர் காளையைப் பற்றிச் சொன்னார், நான் மணியைப் பற்றிச் சொன்னேன். காளை படியவில்லை. மணி இன்றைக்கும் பெரிய மாட்டின் கழுத்தில் இருக்கிறது, பொழுதோடு அது காட்டிலிருந்து திரும்பும்போது சமையலறைக்குக் கேட்கும்.

மேல்வீட்டுப் பேரன் தேடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. சீஃபெல்டுக்குப் பக்கத்தில் மோசெர்ன் என்று ஒரு சின்ன ஊர், இன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு மணி, 1997ல் வைத்தது. அமைதி மணி என்று பெயர். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அடிப்பார்கள். ஒரு நாள் அவள் நடைபாதை வழியாக மெதுவாகப் படம் எடுத்துக்கொண்டு அங்கே வரட்டும். நீ காலையில் உன் தடத்தை முடித்துவிட்டு, குளித்து, உடை மாற்றி, அவளுக்கு முன்னால் அங்கே போய் நில். நீதான் முன்னால் போக வேண்டும், தெரிந்ததா? திரும்பி வர பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்து வை, ஆறு மணிக்குள் இருட்டிவிடும்.

மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு இடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சாப்பாட்டுக் குடில்கள் இருக்கின்றன என்றாயே, அதில் நடந்தும் வரலாம், ஸ்கீயிலும் வரலாம் என்கிற மாதிரி ஒன்றைப் பார். சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிஷம் முன்னதாக வந்துவிடு. அதிகாலைக் குளிரில் தடம் கெட்டியாக இருக்கும், வெயில் ஏறினால் இளகிவிடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய், ஆக உனக்கும் காலைதான் லாபம். ஐந்து நாளில் ஒரு நாள் பலகையைத் தொடவே தொடாதே. அன்றைக்கு என்ன செய்வது என்பது அவள் சொல்கிறபடி.

நீச்சல் குளம் உள்ள இடமாகப் பார் என்று எழுத நினைத்தபோது அம்மிச்சி வீட்டுக் கிணறு ஞாபகம் வந்தது. லீவுக்குப் போனால் உன் மாமன் பிள்ளைகள் எல்லாம் மேட்டிலிருந்து குதிப்பார்கள். நீ மட்டும் படியில் உட்கார்ந்து அத்தனை பேர் துண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருப்பாய். "உனக்கும் சேர்த்துத்தானே போனோம்" என்று அவர்கள் சொல்வார்கள். ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்து, "நாளைக்கு நான் வரலைம்மா" என்பாய். மருமகள் கிணற்றில் நீந்தக் கற்றவள், வெந்நீர்க் குளத்தைப் பார்த்தால் விட மாட்டாள். நீ இன்னும் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு சாயங்காலம் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திரு.

கொள்ளுப் பொடியும் எள்ளுருண்டையும் பார்சல் போட்டிருக்கிறேன். எள்ளுருண்டை குளிரில் கல்லாகிவிடும், உள் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள். அவளுக்கும் பாதி கொடுத்துவிட்டுப் போ. ரூம் போடும் முன் அவளிடம் ஒரு தரம் கேள், இந்த ஊருக்கே வரப் பிரியமா என்று. இல்லை என்றால், அவள் சொல்லும் இடத்துக்கு இந்தத் தடவை போய்வாருங்கள், பனி அடுத்த வருஷமும் விழும்.

மோசெர்னில் மணி அடிக்கும்போது போன் போட்டுக் காட்டுங்கள். இங்கே ராத்திரி ஒன்பதரை ஆகியிருக்கும். உங்கப்பா எட்டரைக்கே படுத்துவிடுவார், அன்றைக்கு எழுப்பி வைக்கிறேன்.

அன்புடன்
அம்மா