எங்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டில் கடல்மீன் வளர்ப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. பேட்டி கொடுத்த இளைஞர் தன் பவளத் தொட்டியை அக்கறையாக வைத்திருக்கிறார், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மனத்தை அறுப்பது நடுவில் போகிறபோக்கில் எழுதப்பட்ட ஒரு வரி. இணையம் வருவதற்கு முன்னால் இந்தப் பொழுதுபோக்கில் இருந்தவர்களுக்குக் கேட்க ஆளில்லை, மீன்களைச் சாகவிட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள் என்று அந்த வரி சொல்கிறது. எழுதியவர் அன்று பிறந்திருக்க மாட்டார். ஆனால் நீங்கள் இந்த ஊரில் வளர்ந்தவர், அந்தக் காலத்தைப் பார்த்தவர். உங்கள் கண்ணைத் தாண்டி அது அச்சுக்குப் போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரில், தோ பாயோ வட்டாரத்தில் உள்ள வீட்டில் முதல் உப்புத்தண்ணீர்த் தொட்டியை வைத்தேன். அதற்கு முன்பே எனக்குப் பாடம் தொடங்கிவிட்டது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் மாமா. கடல் தண்ணீரை எங்கே, எப்போது எடுப்பது என்பதையே அவர் பல வாரம் சொல்லிக்கொடுத்தார். "மழை பேஞ்ச மறுநாள் சாங்கி பக்கம் போகாதே தம்பி, ஆத்துத் தண்ணி கலந்திருக்கும். கடல் ஏறி நிக்கிறப்ப எடு" என்பார். எடுத்துவந்த தண்ணீரை மூடிய பீப்பாயில் இருட்டில் இரண்டு வாரமாவது வைக்கவேண்டும். அதில் மிதக்கும் நுண்ணுயிர்கள் செத்து அடியில் படிந்தபிறகு, மேலே தெளிந்ததை மட்டும் இறைக்கவேண்டும். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தால் 1.020க்கும் 1.025க்கும் நடுவில் நிற்கவேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். நம் ஊர் வெக்கையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறிவிடும். குளிர்விக்கும் இயந்திரம் வாங்க யாரிடம் பணம் இருந்தது? தண்ணீரின் மேல் மேசை விசிறியை ஓடவிடுவோம். தண்ணீர் ஆவியாகப் போகும்போது சூட்டையும் கொண்டுபோகும், ஆனால் உப்பு போகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும், கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அளவு தெரிவதற்காகக் கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொடுத்தார். சாகவிட்டுக் கற்பதற்கு இதில் எங்கே இடம் இருக்கிறது?

அப்புறம் மீன்கடைத் தவுக்கே, அதாவது முதலாளி. இப்போது கையில் காசு இருந்தால் எதையும் வாங்கிவிடலாம். அவரிடம் அது நடக்காது. புதுத் தொட்டிக்காரன் கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிரினமும் கோமாளி மீனும் கேட்டால், "பெலும் போலே", இன்னும் கூடாது என்று மலாயில் சொல்லி கையை ஆட்டிவிடுவார். முதலில் ஒன்றிரண்டு டாம்செல் மீன்தான் தருவார், அது தாங்கும். தொட்டியின் அடியில் வடிகட்டித் தட்டுக்கு மேல் பரப்பிய உடைத்த பவளக் கற்களில் நல்ல பாக்டீரியா பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அந்தப் பாக்டீரியாவால்தான் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகும், பிறகு நைட்ரேட்டாகும். சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு நிறம் வந்தால் மீனுக்கு ஆகாத நைட்ரைட் இன்னும் இருக்கிறது என்று பொருள். "நிறம் போச்சா?" என்று கேட்பார். போகவில்லை என்றால் விற்கமாட்டார். வியாபாரத்தை இழந்து எனக்குப் பாடம் சொன்ன மனிதர் அவர். வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போடுவதென்றால் தனித் தொட்டியில் போடு, பெரிய தொட்டியில் ஊற்றினால் பவளக் கல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அப்புறம் இறாலும் சாமந்தியும் அதில் வாழாது என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

மீன்கள் செத்தன, நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் செத்தன என்று உங்கள் கட்டுரையாளர் கேட்டாரா? பிலிப்பீன்ஸில் அறுபதுகளிலிருந்தே பாறை இடுக்குகளில் சயனைடைப் பீய்ச்சி, மயங்கிய மீனைப் பிடித்து விற்றார்கள். அந்த மீன் பளபளவென்று இருக்கும், தீனியும் தின்னும், பிறகு ஒரு நாள் செத்துக் கிடக்கும். எவ்வளவு தெரிந்தவர் வீட்டிலும் அது சாகும். அதனால் தவுக்கே அங்கிருந்து வரும் சரக்கை உடனே கொடுக்காமல் கடையிலேயே நிறுத்திவைப்பார். கொழும்பிலிருந்து வரும் பவுடர் புளூ டேங் மீனை, நம் கண் எதிரே தீனி எடுத்தால்தான் பையில் போடுவார். இத்தனை கவனமாக இருந்தவர்களை ஒரே வரியில் அறியாதவர்களாக்கிவிட்டீர்கள்.

அதே கட்டுரை, உயிர்ப்பாறை, அதாவது நுண்ணுயிர்கள் வாழும் கடல் பாறையைத் தொட்டியில் வைக்கும் முறை மேற்கிலிருந்து இணையம் வழியாக நமக்கு வந்தது என்றும் சொல்கிறது. ஜகார்த்தாவில் கடல்மீன் வளர்த்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறை, இயற்கைக் கடல் நீர், வெளிச்சம், ஒரு காற்றுக் குழாய் இவ்வளவுதான் போதும் என்று 1961லேயே அமெரிக்க மீன் இதழ் ஒன்றில் எழுதினார். அப்போது அங்கே பெரும்பாலோர் வெளுத்த பவள எலும்புகளைத் தொட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாறையில் வாழும் பாக்டீரியாவே வடிகட்டி என்பதைப் பின்னாளில் ஐரோப்பாவில் பெர்லின் முறை என்று கொண்டாடினார்கள். நமக்குப் பக்கத்துக் கடலில் பிறந்த அறிவு அது.

இதையெல்லாம் எங்கே படித்தோம் என்றால், ஸ்டாம்ஃபர்ட் சாலை தேசிய நூலகத்தில். மாமாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் ஃபோட்டோகாப்பி எடுத்துவந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்து தமிழில் சொல்வேன், அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். ஃபோர்ட் கேனிங் குன்றின் ஒரு பக்கம் அந்த நூலகம், மறுபக்கம் ரிவர் வேலி சாலையில் வான் கிளீஃப் மீன்காட்சியகம். தன் சொத்தை நகராட்சிக்கு எழுதிவைத்த டச்சுக்காரரின் பெயரில் 1955ல் திறந்தது. எந்த மீன் எதனோடு சண்டையில்லாமல் இருக்கும், எது எவ்வளவு பெரிதாக வளரும் என்று அங்கே கண்ணாடி முன் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் எத்தனை பேர்! 1991ல் செந்தோசா தீவில் புதிய மீன்காட்சியகம் வந்ததும் இதை மூடினார்கள், 1998ல் கட்டடத்தையும் இடித்தார்கள். 2004ல் சுரங்கச் சாலைக்காக நூலகமும் மூடப்பட்டு இடிபட்டது. செந்தோசாவில் வந்ததும் 2016ல் போய்விட்டது. நாங்கள் படித்த இடங்களை எல்லாம் இடித்துவிட்டு, நீங்கள் எங்கேயும் படிக்கவில்லை என்று எங்களிடமே சொல்வது நியாயமா?

முன்பு மறைந்த கட்டடங்களைப் பற்றி நீங்கள் தொடர் வெளியிட்டபோது இந்த மீன்காட்சியகத்தைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பினேன். மூன்று வரி வந்தது. மாமாவைப் பற்றிய பகுதி முழுவதும் போய்விட்டது. பொழுதுபோக்குச் சிறப்பிதழ்களில் தமிழர் என்றால் மாடித்தோட்டமும் கோலமும்தான் வருகின்றன. உப்புத்தண்ணீரும் சோதனைக் குழாயுமாக இருந்த தமிழர்கள் உங்கள் பக்கங்களில் எப்போதும் இருந்ததில்லை. அண்மையில் ஒரு கடையில், செம்பு மருந்தைத் தவறாக வாங்கிக்கொண்டிருந்த பையனிடம் இரண்டு வார்த்தை சொல்லப்போனேன். "அங்கிள், எல்லாம் யூடியூப்ல இருக்கு" என்று கடைக்காரத் தம்பி என் பேச்சை நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பத்திரிகையே அப்படி எழுதும்போது அவர் வேறு எப்படி நினைப்பார்?

மாமா இப்போது இல்லை. அவருடைய நோட்டு என்னிடம் இருக்கிறது. தேதி, உப்பின் அளவு, எந்த மீன் என்ன தின்றது, எப்போது தண்ணீர் மாற்றினார் என எல்லாம் தமிழில், பென்சிலில். பேரன் பேத்திகள் கேட்டதால் அதன் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது சிறிய உதவிதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். நோட்டின் ஒரு பக்கத்தின் படத்தை இதனுடன் அனுப்பியிருக்கிறேன், இடம் இருந்தால் வெளியிடுங்கள். வான் கிளீஃப் தொட்டிகளின் பழைய படங்களோ, இதுபோன்ற குறிப்புகளோ வீட்டில் வைத்திருக்கும் வாசகர்கள் உங்களுக்கு அனுப்பலாம் என்று கீழே ஒரு வரி சேருங்கள். கடிதம் நீளம் என்றால் என்னைப் பற்றிய இடங்களை வெட்டிக்கொள்ளுங்கள். மாமாவையும் தவுக்கேயையும் லீ சின் எங்கையும் இந்த முறை வெட்டவேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
தோ பாயோ