எழுதியவரே நடத்தும்போது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபின்லாந்தின் இசையமைப்பாளரும் இசைக்குழு நடத்துநருமான எசா-பெக்கா சலோனனைப் பற்றி உங்கள் இசைப் பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரை வர வேண்டும். 1983இல் லண்டனில், நடத்த வேண்டியவர் வர முடியாமல் போக, ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் மூன்றாம் சிம்பொனியைக் கடைசி நேரத்தில் ஏற்று நடத்தியவர். அப்புறம் உலகம் அவரை நடத்துநராகவே பார்த்தது. அவரோ இசையமைக்க நேரம் வேண்டுமென்று, 1992 முதல் வகித்த லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இசை இயக்குநர் பொறுப்பை 2009இல் விட்டார். அதே ஆண்டு அரங்கேறிய அவரது வயலின் கான்செர்ட்டோவுக்கு (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 2012இல் இசையமைப்புக்கான கிராவெமெயர் விருது கிடைத்தது.

இசையை எழுதியவரே முன்னால் நின்று நடத்துவது தனி அழகு. ஊதுபவர்கள் நுழைவதற்கு ஒரு தட்டு முன்னாடியே கை லேசாக மேலெழும். அந்த அசைவில் அவர்கள் மூச்சை இழுத்துக்கொள்வார்கள். சலோனன் ஹார்ன் என்ற மேனாட்டு ஊது வாத்தியம் படித்தவர், அந்த மூச்சின் அருமை தெரிந்தவர். நாகஸ்வரக்காரரின் மூச்சறிந்து தவில்காரர் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத வித்தை இல்லை.

காவிரிக்கரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். தஞ்சை அரண்மனையில் சரபோஜி மன்னர் மேனாட்டு வாத்தியங்களை வாசிக்க வைத்தார். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளுக்குச் சாகித்யம் எழுதினார். அந்த வாசலை மறுபடி திறக்கலாமே! திருவையாறு அரசு இசைக் கல்லூரி மாணவர்களுக்காக, மேனாட்டு இசைக்குறிப்பு வாசிக்கவும் குழுவை நடத்தவும் ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், கும்பகோணம்